மதுரைக்கு ஒன்றேகால் மணி நேரம், பெரும்பாக்கத்துக்கு இரண்டு

சென்னையிலிருந்து மதுரைக்கு வான்வழித் தூரம் சுமார் 420 கிலோமீட்டர். விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம். அதிலும் ஒரு பகுதி ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும், மேலேறி இறங்குவதிலும் கழிகிறது.

மூலக்கொத்தளத்திலிருந்து பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பு நேர்கோட்டில் 25 கிலோமீட்டர்தான். சாலைவழி 30ஐத் தொடும். பஸ் மாறி, நெரிசலில் நின்று போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிறது.

2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை – விமான நிலைய மெட்ரோ தடம் முழுமையாகத் திறந்தது. ரயில் மாறாமல் முக்கால் மணிச் சொச்சத்தில் போய்விடலாம். ஆக, எங்கள் பகுதியிலிருந்து விமான நிலையம் பக்கம். வீடு இடிக்கப்பட்டு நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்ட சொந்தபந்தங்கள்தான் தூரம்.

அந்தத் தூரத்தைக் கடந்து வேலைக்கு வருபவர்கள் யார்? பாரிமுனையில் மூட்டை தூக்குபவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், காலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டிய தூய்மைப் பணியாளர்கள். காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்குள் தொடங்கிவிடும். கூடைக்காரப் பெண்கள் எந்த பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்வார்கள்? 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், ஆதரிக்கிறோம். ஆனால் அது காசைத்தான் மிச்சமாக்கும், நேரத்தை அல்ல.

நாங்கள் இந்தப் பெண்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். போக இரண்டு, வர இரண்டு. மாதம் 25 நாள் வேலை என்றால் 100 மணி நேரம். மதுரைக்கு நாற்பது முறை பறந்து போய்த் திரும்பும் நேரம் அது. அதற்குச் சம்பளம் கிடையாது. அது தூக்கத்திலிருந்து, பிள்ளைகளோடு இருக்கும் பொழுதிலிருந்து எடுக்கப்படுகிறது. அப்படிக் குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அன்று ஊருக்கு வெளியே சேரி; இன்று நகரத்துக்கு வெளியே அடுக்குமாடி. வாக்குகேட்க வருகிறவர்கள் சொல்லும் வளர்ச்சி இதுதான்.

முதல் இந்தி எதிர்ப்புப் போரில் 1939இல் சிறைக் கைதிகளாக உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இருவரும் அடக்கம் செய்யப்பட்டது மூலக்கொத்தளத்தில். நடராசன் வடசென்னைத் தலித் இளைஞர். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இயங்கும் எழும்பூர்க் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர். நகரத்தில் எது எங்கே வரவேண்டும் என்று திட்டமிடும் இடம் அது.

அங்கே மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. எங்கள் கோரிக்கை எளியது. வாழ்ந்த இடத்திலேயே வீடு கொடுங்கள். இயலாது என்றால், புதிய இடம் எத்தனை கிலோமீட்டர் என்று கோப்பில் எழுதாதீர்கள். அதிகாலை நான்கு மணிக்கு பஸ் ஏறினால் வேலைக்கு எத்தனை மணிக்கு வந்து சேர முடியும் என்று எழுதுங்கள். அந்த மக்கள் முன்னிலையில் அதை வாசித்துக் காட்டி, சம்மதம் கேளுங்கள்.