கோட்டைமேட்டுச் செங்கல் வீடு

அரபு மொழியில் 'பைத்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. குடியிருக்கும் வீட்டையும் அது குறிக்கும். பாட்டின் அடியையும் குறிக்கும். இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிஞர் பலர், பிரிந்து போனவர்களின் பாழ்மனை முன் நின்று கண்ணீர் வடிப்பதைக் கொண்டே தம் நெடும்பாடல்களைத் தொடங்கினர். மதரஸாவில் அவற்றை ஓதிய நாள்களில், இடிந்த சுவருக்கு இத்தனை அழுகையா என நாம் நகைத்ததுண்டு. கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டில் நம் தாய்வழிப் பாட்டனாரின் வீடு இருந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த நகைப்பு இன்று நம்மைச் சுடுகிறது.

கோட்டைமேட்டில் கோட்டை இல்லை, பெயர்தான் உண்டு. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலப் போர்களில் பலமுறை கைமாறிய கோட்டை அது. 1790-இல் கும்பெனிப் படை அதனைப் பிடித்தது. 1791-இல் திப்புவின் படை முற்றுகையிட்டு மீட்டது. அதன்பின் அது இடிக்கப்பட்டது. 1799-இல் ஊரே கும்பெனியாரின் வசமாயிற்று. ஹைதர் 1766-இல் எழுப்பிய பாலக்காட்டுக் கோட்டை கணவாய்க்கு அப்பால் இன்றும் நிற்கிறது. இங்கோ மேடு மட்டுமே எஞ்சியது. சங்கமேசுவரர் கோயிலையும் பள்ளிவாசலையும் சுற்றித் தெருக்கள் நெருங்கின.

அத்தெருக்களில் முன்னரே குடியேறிய ராவுத்தர் குடும்பங்களுள் நம் பாட்டனார் குடும்பமும் ஒன்று. தோல் வணிகம் அவர்களது தொழில். "கோட்டைச் செங்கல்லில் கட்டிய வீடு இது" என்று நன்னி பெருமையுடன் சொல்வார்கள். சுண்ணாம்புக் காரை பூசிய பருத்த சுவர்கள், தெருவைப் பார்த்த திண்ணை, நடுவே முற்றம். திருமண நாள்களில் அம்முற்றத்தில் பெண்கள் கூடிப் பைத்துப் பாடுவார்கள். உள்ளறை மாடத்தில் நீலத்துணி சுற்றிய ஏடு ஒன்று இருந்தது. எழுத்து அரபு, மொழி தமிழ். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்க நூல்கள் இயற்றிய அதே அரபுத்தமிழ். பிறப்பு, இறப்பு, நிக்காஹ், வீட்டுச் செலவு யாவும் அதில் குறித்திருப்பதாக நன்னி சொல்வார்கள்.

பாட்டனாரும் நன்னியும் மறைந்து, அவர்தம் மக்கள் ஐவரும் மறைந்தபின், பேரர்கள் வீட்டை விற்க முடிவு செய்தனர். பாகம் பிரிக்கும் பணி, ஓதியவர் என்ற முறையில் நம்மிடம் வந்தது. பாட்டனாரின் சொத்து 64 பங்கு: மனைவிக்கு 8, மூன்று மகன்களுக்குத் தலைக்கு 14, இரண்டு மகள்களுக்குத் தலைக்கு 7. நன்னியின் 8 பங்கும் மக்களுக்கே சேர, மகனுக்கு 16, மகளுக்கு 8 ஆயிற்று. அடுத்த தலைமுறைக்கும் பிழையின்றிப் பிரித்துக் கொடுத்தோம். யாருக்கும் மனக்குறை இல்லை. அதில் நமக்கு ஒரு செருக்கும் இருந்தது.

"அந்த ஏட்டை என்ன செய்வது, மச்சான்?" என்று மாமா மகன் கேட்டார். அவருக்கு அவ்வெழுத்துத் தெரியாது. "மாடத்திலேயே இருக்கட்டும், நோன்பு கழிந்ததும் வந்து படிக்கிறேன்" என்றோம். பெருநாள் கழிந்து சென்றபோது முற்றத்தில் வெயில் மட்டும் கிடந்தது. செங்கற்கள் லாரி ஏறிவிட்டன. ஏடு பழைய காகிதக் கட்டோடு எடைக்குப் போய்விட்டது. மாமா மகன் தலைகுனிந்து நின்றார். குனிந்திருக்க வேண்டிய தலை நம்முடையது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அக்குடும்பத்தில் நாம் ஒருவரே.

வாரிசுச் சட்டம் வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. உரியவருக்கு உரியதைக் கொடுக்கவே சொன்னது. அதனைச் செய்தோம். ஆனால் முன்னோரின் நினைவும் ஒரு பாகமல்லவா? அதற்குரிய வாரிசுகளை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

நன்னி பாடிய பைத்துகளில் சில நம் தங்கைக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அவர் பாட, நாம் எழுதிவருகிறோம். ஒரு பைத் போயிற்று, மற்றதையேனும் காக்கலாம். வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பரணிலும் அரபுத்தமிழ் ஏடு ஒன்று உறங்கக்கூடும். பாகப்பிரிவினைக்கு நாள் குறிக்குமுன் அதனைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்து உட்கார வையுங்கள். அவர் நம்மைப்போல் நாள் கடத்தினால் விட்டுவிடாதீர்கள்.