ஞாயிறு இரவு வருகைப் பதிவு

இந்த இதழுக்கு வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் சில என்னிடமும் வரும். தென்னையில் குருத்து அழுகுகிறது, நெல்லில் நுனி காய்கிறது, மானியத்துக்கு யாரிடம் மனு கொடுப்பது என்று பலவகைக் கேள்விகள். பதில் எழுதும்போது பேர் மட்டும்தான் என்னுடையது. பாதிப் பதில்களுக்குப் பின்னால் என்னோடு படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் மதுரை வேளாண்மைக் கல்லூரியில் 1987-ல் சேர்ந்து 1991-ல் பட்டம் வாங்கினேன். ஒத்தக்கடை பக்கம், யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் கல்லூரி. எங்கள் வகுப்பில் 54 பேர். பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்து, உழுது, விதைத்து, களையெடுத்து, விளைச்சலை எடைபோட்டுக் காட்டச் சொல்வார்கள். பூச்சி சேகரிக்க வேண்டும் என்று கையில் வலையோடு வரப்பு வரப்பாக ஓடியிருக்கிறோம். ஊர்க்காரர்கள் நின்று சிரிப்பார்கள். அந்த ஓட்டத்தில் ஒட்டிக்கொண்ட உறவு இது.

படிப்பு முடிந்ததும் திசைக்கு ஒருவராகப் போனோம். சிலர் வேளாண்மைத் துறை, சிலர் வங்கி, சிலர் ஆராய்ச்சி நிலையம், சிலர் விதை, உரக் கம்பெனி. இரண்டு பேர் காவல்துறைக்குப் போனார்கள். நான்கைந்து பேர் வெளிநாடு. ஒரே ஒருவன் மட்டும் வேலைக்கு மனுவே போடாமல் பேராவூரணி பக்கம் அப்பாவின் தென்னந்தோப்புக்குத் திரும்பினான்.

முதல் பத்து வருடம் இன்லேண்ட் லெட்டரும் கல்யாணப் பத்திரிகையும்தான் தொடர்பு. அடுத்த பத்து வருடம் அதுவும் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் வைத்தியம், இடமாற்றம் என்று அவரவர் பாடு அவரவருக்கு. எல்லோரும் கைக்குள் போன் வைத்துக்கொண்ட பிறகுதான் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோம். 2016-ல், படிப்பு முடிந்து 25 வருடம் ஆனதற்காகக் கல்லூரியிலேயே கூடினோம். தலை நரைத்தவர்களும் தலையில் முடியே இல்லாதவர்களும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது.

கூடிக் கலைந்த பிறகு எல்லாக் குழுவுக்கும் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. காலை வணக்கம், பூப்படம், அரசியல் சண்டை. நாற்பது செய்தி வந்தால் முப்பத்தெட்டு வேறு யாரோ எழுதியதாக இருக்கும். நண்பன் எப்படி இருக்கிறான் என்பது மட்டும் அதில் இருக்காது. வங்கியில் வேலை பார்க்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருவர்தான் ஒரு யோசனை சொன்னார்: "கிளாஸ்ல ரோல் நம்பர் கூப்பிடுவாங்கல்ல, அதே மாதிரி ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு நம்பரைக் கூப்பிடுவோம். அந்த ஆள் தன்னோட சேதியைச் சொல்லட்டும். மத்தவங்க கேக்கட்டும்."

அன்று தொடங்கியது இன்றும் ஓடுகிறது. 54 பேர் என்பதால் வருடத்துக்கு ஒரு முறை ஒருவரின் முறை வரும். "உள்ளேன் ஐயா" என்று தொடங்கி, உடம்பு எப்படி, வீட்டில் என்ன, வேலையில் என்ன, வயலில் என்ன என்று பத்து வரி எழுத வேண்டும், இல்லையென்றால் பேசி அனுப்ப வேண்டும். சர்க்கரை அளவு எவ்வளவு என்பதும் அதில் உண்டு. ஐம்பதைத் தாண்டிய பிறகு எங்கள் மார்க் ஷீட் அதுதான்.

இதில் தொழிலுக்குக் கிடைத்த லாபமும் சொல்ல வேண்டும். 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியாவில் முதலில் கர்நாடகத்தில்தான் அது கண்டறியப்பட்டது. அங்கே விதைக் கம்பெனியில் இருந்த நண்பன், புழுவின் தலையில் தலைகீழாக எழுதிய ஆங்கில ஒய் எழுத்துப் போன்ற கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் என்று படத்தோடு குழுவில் போட்டிருந்தான். சில மாதம் கழித்து எங்கள் வட்டாரத்தில் ஒரு விவசாயி குருத்தைப் பிரித்துக் காட்டியபோது, புத்தகத்தைத் தேடாமல் பார்த்த இடத்திலேயே பெயர் சொல்ல முடிந்தது.

ஆனால் இந்த வருகைப் பதிவு எதற்கு என்று எங்களுக்கே புரிந்தது கஜா புயலுக்குப் பிறகுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது கஜா. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை விழுந்த கணக்கை ஊரே அறியும். பேராவூரணி நண்பனுக்குப் போன் போட்டோம். கிடைக்கவில்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை என்று நினைத்துக்கொண்டோம். ஒரு மாதத்தில் கரண்ட் வந்தது, டவர் வந்தது, அவன் வரவில்லை. போன் மணி அடித்தது, எடுக்கவில்லை. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ரோல் நம்பர் வந்தது. குழுவில் கூப்பிட்டோம். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு முன் ஒருவரும் தன் முறையைத் தவறவிட்டதில்லை.

பொங்கல் முடிந்த வாரம் நான்கு பேர் ஒரு காரில் கிளம்பினோம். வங்கித் தோழி, பூச்சியியல் படித்து ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் நண்பன், பணியில் எனக்கு மேலே இருக்கும் ஒருவர், நான்.

நான்கு ஏக்கர் தோப்பு. ஏக்கருக்கு 70 மரம் கணக்கில் 280 மரம். நின்றது 31. மற்றவை வேரோடு சாய்ந்தும் பாதியில் முறிந்தும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. அவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வரவில்லை. "வாங்க" என்றான், அவ்வளவுதான். காபி கொண்டுவந்த தங்கச்சி, அவன் மனைவி, என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னது: "ரெண்டு மாசமா தோப்புப் பக்கமே போகல அண்ணே. ராத்திரி தூங்குறதும் இல்ல. பூச்சிமருந்து டப்பா எல்லாத்தையும் எடுத்து எங்க அண்ணன் வீட்டுல வச்சிட்டேன்."

வேளாண்மை அலுவலராக எத்தனையோ சேதத்தைக் கணக்கெடுத்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம்போல எதுவும் என்னை உலுக்கவில்லை. அந்தத் தங்கச்சி படித்தது எட்டாம் வகுப்பு. நான்கு பட்டதாரிகள் காரில் வந்து சேர்வதற்குள், செய்ய வேண்டிய முதல் வேலையை அவர் செய்து முடித்திருந்தார்.

நாங்கள் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து அவனே பேசினான். "நீங்கள்லாம் ஆபீசர், மேனேஜர்னு எழுதுறீங்க. அக்ரி படிச்சுட்டு ஊர்ல வந்து தோப்பு போட்டவன், தோப்பே இல்லைன்னு என்னத்த எழுதுவேன்? ஊர்ல அன்னைக்கே சொன்னாங்க, படிச்சவனுக்கு எதுக்குடா மம்பட்டின்னு." மரம் விழுந்ததைவிட அவனைச் சாய்த்தது இந்த நினைப்பு. கடன் இருந்தது, நகை அடகில் இருந்தது. ஆனால் யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்ததுதான் பெரிய பாரமாகியிருந்தது.

சாப்பிட்ட பிறகு தோப்புக்குப் போகலாம் என்றோம். நாங்கள் நடந்ததால் அவனும் நடந்தான். அங்கே அவரவர் தொழிலைப் பார்த்தோம். வங்கித் தோழி கடன் தாள்களை வாங்கிப் படித்தார். இயற்கைச் சீற்றம் என்று அரசு அறிவித்த பகுதியில் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, அதற்கு விவசாயி மனு கொடுக்க வேண்டும் என்று சொல்லி மனுவை அங்கேயே எழுதினார். விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் அப்போது அரசு நிவாரணமாக அறிவித்திருந்தது. அவன் தாள்களில் விட்டுப்போனவற்றை நான் சரிபார்த்தேன்.

பூச்சியியல் நண்பன் சொன்னது எல்லாத் தென்னை விவசாயிகளுக்கும் ஆகும். விழுந்த மரங்கள் மட்கத் தொடங்கினால் அதில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். இன்று மரத்தை அகற்றாவிட்டால் நாளை நடும் கன்றின் குருத்தை அந்த வண்டு குடையும். எனவே முதலில் தோப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். அகற்ற முடியாததிலும் எருக்குழியிலும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தை இட வேண்டும். கன்று நட்ட பிறகு, உள் மட்டை இடுக்குகளில் மூன்று அந்துருண்டை வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அவன் சொல்லச் சொல்ல, பேராவூரணிக்காரன் குறுக்கே ஒரு கேள்வி கேட்டான். பிறகு இன்னொன்று. இரண்டு மாதமாக வாய் திறக்காதவன் பூஞ்சாணத்தின் அளவைப் பற்றி வாதம் செய்தான். அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

குழுவில் பணம் திரட்டினோம். வாங்க மறுத்துவிட்டான். "கன்னா குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றான். அப்படியே செய்தோம். பணத்தைவிட உதவியது வேறொன்று. தினம் ஒருவர் என்று முறைபோட்டு ஆறு மாதம் அவனிடம் போனில் பேசினோம். தோப்பைப் பற்றியும் பேசினோம், பழைய விடுதிச் சாம்பாரைப் பற்றியும் பேசினோம். தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் தங்கச்சியும் நாங்களும் சேர்ந்து அழைத்துப் போனோம். காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிடுவதுபோலச் சில மாதம் மாத்திரை சாப்பிட்டான். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "கண்டிப்பா எழுது, நம்ம ஆளுங்களுக்குத் தெரியணும்" என்றான்.

25 அடிக்கு 25 அடி இடைவெளியில் 2019 மழைக்காலத்தில் கன்று நட்டான். வெயில் நன்றாக விழும் முதல் சில வருடம் நடுவில் கடலையும் உளுந்தும் போட்டான். வீட்டுச் செலவு அதில் ஓடியது. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது அவன் தோப்பில் பாளை வெடிக்கிறது. வாசகர்களின் தென்னைக் கேள்விகளில் பலவற்றை நான் அவனிடம்தான் கேட்டு எழுதுகிறேன்.

இன்னொரு பாடமும் இந்தக் குழு கொடுத்தது. எங்களில் ஒருவர் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். எந்த வங்கியில் என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சில கணக்குகளில் வாரிசு நியமனமே இல்லை. தாள்களை ஒழுங்குசெய்து அந்தக் குடும்பத்துக்கு உரியது கிடைக்கப் பல மாதம் அலைந்தோம். அதற்குப் பிறகு வருகைப் பதிவில் ஒரு கேள்வி கூடியது: "நோட்டு எழுதியாச்சா?"

நீங்களும் அப்படி ஒரு நோட்டு போடுங்கள். பட்டா, பத்திரம் எங்கே இருக்கிறது, எந்த வங்கியில், எந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் என்ன கடன், நகை எங்கே அடகில், கை மாற்று யாரிடம், இன்சூரன்ஸ் என்ன, ஒவ்வொன்றுக்கும் வாரிசு யார் என்று எழுதி, வீட்டுப் பெண்கள் கையில் கொடுங்கள். தோப்பு வைத்திருப்பவர்கள் தென்னைக் காப்பீட்டையும் விசாரியுங்கள். குட்டை, வீரிய ஒட்டு ரகங்களுக்கு 4 வயது முதலும் நெட்டைக்கு 7 வயது முதலும் 60 வயது மரம் வரை சேர்க்கலாம். பிரீமியத்தில் விவசாயி கட்டுவது கால் பங்குதான்.

"நாங்கள் கல்லூரி போகவில்லையே, எங்களுக்கு ஏது குழு?" என்று கேட்காதீர்கள். பத்தாம் வகுப்பில் பெஞ்சில் கூட உட்கார்ந்தவர் இருப்பார். வேளாண் அறிவியல் நிலையத்தில் மூன்று நாள் பயிற்சிக்கு உடன் வந்தவர் இருப்பார். ஒரே வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் இருப்பார். பத்துப் பேர் போதும். வாரம் ஒருவர் தன் சேதியைச் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் அரசியலும் பூப்படமும் வேண்டாம். எழுத வராதவர் பேசி அனுப்பட்டும். பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டின் உண்மை நிலவரம் அவர்களுக்குத்தான் தெரியும்.

யாராவது தன் முறையில் பேசவில்லை என்றால் இரண்டு நாள் பாருங்கள். பிறகு போன். போனை எடுக்கவில்லை என்றால் நேரில் போங்கள். போனதும் "ஏன் இப்படிப் பண்ணினாய்" என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அவர் பேசட்டும். மருந்து டப்பாக்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றனவா என்று வீட்டாரிடம் மெதுவாகக் கேளுங்கள். தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போனில் பேச 104, மனநல உதவிக்கு 14416 என்ற எண்கள் இருக்கின்றன. இரண்டும் இலவசம்.

அரசுப் பணியில் எங்களுக்கு 60 வயதில் ஓய்வு. இன்னும் சில வருடத்தில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்துவிடுவோம். பேராவூரணிக்காரனுக்கு ஓய்வு கிடையாது. வரும் ஞாயிறு எங்கள் குழுவில் 37-ம் எண்காரர் முறை. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். படிக்கட்டு ஏறுகிறாரா என்று கேட்க வேண்டும். உங்கள் ஊரில் இப்படி ஒரு குழு நடக்கிறது என்றால் அல்லது புதிதாகத் தொடங்கினால், கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு கடிதம் போடுங்கள். என்ன விதி வைத்தீர்கள், எது சரிப்பட்டு வந்தது என்று எழுதினால் மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும்.