டூலின் விளக்கத்தை யார் படிக்கிறார்கள்

ஒரு டூலைப் பற்றி, அதை அழைத்து வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட்டுக்குத் தெரிவது அதன் பெயர், சில வரி விளக்கம், என்னென்ன உள்ளீடு கொடுக்க வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா. அவ்வளவுதான். உள்ளே ஓடும் கோட் பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. விளக்கம் அரைகுறையாக இருந்தால் மனித புரோகிராமர் சோர்ஸைத் திறப்பார், பக்கத்து சீட்டில் கேட்பார், முணுமுணுத்துக்கொண்டே ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார். ஏஜென்ட்டை இயக்கும் மாடல் பல சமயம் ஊகித்து அழைத்துவிடும். ஊகம் தப்பாக இருந்தும் ஏதோ ஒரு பதில் வந்துவிட்டால், அதை நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும்.

*

'யூசர்' என்று ஓர் உள்ளீடு. பெயரா, மின்னஞ்சலா, எண்ணா? 'யூசர்_ஐடி' என்று மாற்றினால் பாதிச் சந்தேகம் தீரும். 'தேதி' என்று மட்டும் போட்டால் 03/04/2025 என்று வரும். மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? 2025-04-03 என்ற வடிவில் கொடு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பிள்ளையைக் கடைக்கு அனுப்பி 'எண்ணெய் வாங்கி வா' என்று மட்டும் சொன்னால் விளக்கெண்ணெயோடு வந்து நிற்கும். யாரைத் திட்டுவது?

*

கோட் பிழைகளைத் திருத்தச் சொல்லும் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் சோதனைக்கு ஏஜென்ட் கட்டியபோது, பிராம்ப்டைவிட டூல்களைச் சீர்செய்யவே அதிக நேரம் போனது என்று க்ளாட் மாடலை உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 டிசம்பரில் எழுதியது. ஏஜென்ட் வேறு ஃபோல்டருக்குப் போனதும், சுருக்கமாகக் கொடுத்த ஃபைல் முகவரிகள் தடம் மாறின. 'கவனமாக இரு' என்று விளக்கத்தில் எழுதிப் பார்த்திருக்கலாம். அவர்கள் முழு முகவரி கொடுத்தால்தான் டூல் ஏற்கும் என்று மாற்றினார்கள். தவறு நின்றது. விளக்கத்தில் எழுதும் எச்சரிக்கையைவிட, தவறு செய்ய இடமே தராத உள்ளீடு மேல். 'முக்கியம்!!' என்று பெரிய எழுத்தில் எழுதப்பட்ட விளக்கத்தைப் பார்த்தால், டூலின் வடிவமைப்பில் ஏதோ தீராமல் கிடக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

*

அதே 2024-இல் பிரின்ஸ்டன் குழுவினர் செய்த எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் என்ற கோடிங் ஏஜென்ட்டில் எனக்குப் பிடித்த சின்ன விஷயம்: ஒரு கட்டளை எதையும் அச்சிடாமல் முடிந்தால், 'வெற்றிகரமாக ஓடியது, வெளியீடு எதுவும் இல்லை' என்று ஒரு வரி திரும்பி வரும். யூனிக்ஸில் பழகியவனுக்கு மௌனம் என்றால் சம்மதம். மாடலுக்கு அது குழப்பம். சிண்டாக்ஸ் கெடும்படி ஃபைலைத் திருத்தினால் எடிட்டர் அந்தத் திருத்தத்தை ஏற்காமல், என்ன கெட்டது என்று காட்டும். டூல் திருப்பித் தரும் ஒவ்வொரு வரியும் டாக்குமென்டேஷன்தான். வெறும் '400' என்ற பிழை எண்ணைத் திருப்புவதும் 'இந்த ஆர்டர் ஏற்கெனவே ரத்தாகிவிட்டது' என்று சொல்வதும் ஒன்றல்ல.

*

அடுத்தது மதிப்பீடு. மாடல் சரியான டூலைத் தேர்ந்தெடுத்து, சரியான மதிப்புகளைக் கொடுத்ததா என்று ஒப்பிடுவது ஒரு வகை. பெர்க்லியின் ஃபங்ஷன் காலிங் லீடர்போர்ட் அங்கிருந்து தொடங்கியது. அதில் பாராட்ட வேண்டியது, பொருத்தமான டூலே இல்லாதபோது மாடல் சும்மா இருக்கிறதா என்று பார்க்கும் பகுதி. நம் சோதனைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

சியெரா நிறுவனத்தார் 2024 ஜூனில் வெளியிட்ட டௌ-பெஞ்ச் வேறு வழியில் போகிறது. கடை, விமான நிறுவனம் என இரண்டு களங்கள். வாடிக்கையாளராக இன்னொரு மாடல் பேசும். எல்லாம் முடிந்த பிறகு டேட்டாபேஸ் இருக்க வேண்டிய நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 'உங்கள் பணம் திரும்ப வந்துவிடும்' என்று ஏஜென்ட் எவ்வளவு இனிமையாகச் சொல்லியிருந்தாலும், டேபிளில் பதிவு இல்லையென்றால் தோல்வி. அதே வேலையை எட்டு முறை கொடுத்து எட்டிலும் ஜெயிக்கிறதா என்றும் பார்த்தார்கள். கடைப் பகுதியில் ஜிபிடி-4ஓ 25 சதவீதத்தைத் தொடவில்லை. கணக்குப் போட்டால் இதில் வியப்பில்லை: ஒரு முறைக்கு 90 சதவீதம் சரி என்றாலும், முயற்சிகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்தால், எட்டும் சரியாக அமைவது 43 சதவீதம்தான். டெமோவில் ஒருமுறை ஓடியதைக் காட்டி 'ரெடி' என்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

*

எண்ணை மட்டும் பார்க்காமல், ஏஜென்ட் ஒவ்வொரு படியிலும் என்ன செய்தது என்ற ஓட்டத்தைப் படிக்க வேண்டும். க்ளாடின் வெப் சர்ச் டூல் வந்த புதிதில், மாடல் தேவையில்லாமல் தேடலோடு '2025' என்று சேர்த்துக்கொண்டிருந்ததாம். ஆந்த்ரோபிக் டூலின் விளக்கத்தைத் திருத்திச் சரிசெய்தது. ஆகவே விளக்கத்தில் ஒரு சொல் மாறினாலும் கோட் மாறியதுபோல் எல்லா டெஸ்ட்டும் மறுபடி ஓட வேண்டும். 'டாக்ஸ்தானே' என்று ரிவ்யூ இல்லாமல் மெர்ஜ் செய்வதை நிறுத்த வேண்டும்.

*

டூல்களை மாடலோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் ஒரு டூல் தன்னை 'படிக்க மட்டும்' என்றோ 'அழிக்கக்கூடியது' என்றோ குறித்துக்கொள்ளலாம். அது டூலின் சொந்த வாக்குமூலம். நம்பகமான சர்வரிலிருந்து வராதவரை அதை நம்பக் கூடாது என்று விதிமுறையே சொல்கிறது.

டூலின் விளக்கத்தை அப்படியே நம்புவதன் இருண்ட பக்கத்தை 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் சாதுவான டூல். அதன் விளக்கத்துக்குள், பயனரின் எஸ்எஸ்ஹெச் சாவியைப் படித்து ஓர் உள்ளீட்டில் வைத்து அனுப்பு, இதைப் பயனரிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தது. மாடல் கீழ்ப்படிந்தது. பயனரின் திரையில் தெரிந்தது கூட்டல் மட்டும். முதலில் நல்ல விளக்கத்தைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளவும் முடியும். அதனால் அனுமதி கொடுத்த அன்றைய விளக்கத்தின் ஹாஷைச் சேமித்து, ஓர் எழுத்து மாறினாலும் டூலை நிறுத்திவைத்து, புதிய விளக்கத்தை முழுசாகப் பயனருக்குக் காட்டி மறுபடி கேட்க வேண்டும்.