ரவி என்கிற வீரசோழத் தச்சன்

பேரரசர்களின் வாழ்க்கை வரலாற்றை வாசிக்கும்போது நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியல்கள்தாம். முதலாம் ராஜேந்திர சோழனையே எடுத்துக்கொள்வோம். 1012-இல் தந்தை ராஜராஜனோடு இணைந்து ஆட்சிப் பொறுப்பேற்றான். 1014 முதல் தனியாட்சி. ஈழத்து மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்தான். 1023 வாக்கில் அவன் படை கங்கைக்கரை வரை சென்று மீண்டது. 1025-இல் கடல் கடந்து கடாரத்தை வென்றது. கங்கையின் பெயரால் ஒரு தலைநகர், சோழகங்கம் என்ற ஏரி. 1044-இல் காஞ்சிக்கு அண்மையிலுள்ள பிரம்மதேசத்தில் மறைந்தான்; அரசி வீரமாதேவி உடன் தீப்புகுந்தாள். முப்பதாண்டு ஆட்சி ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

நான் பாடம் நடத்தும் வகுப்புகளில் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகளே மிகுதி. துறைமுகத்தில் சுமை ஏற்றுபவரின் மகன், மீன் ஏலத்துக்கு விடியலில் போய்விட்டு வகுப்புக்கு வருபவன், ஆலை ஒப்பந்தத் தொழிலாளியின் மகள். சோழர் வரலாறு என்றால் அது தஞ்சாவூர்க்காரர்களின் சொத்து என்றொரு எண்ணம் அவர்களுக்கு உண்டு. தங்கள் ஊருக்கு கண்டெய்னர் லாரியும் புகைபோக்கியும்தான் வரலாறு என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உவப்பானதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் கல்வெட்டுகள் பற்றிய பாடத்தின் நடுவே பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ராஜா பேரு இருக்கு, தானம் குடுத்தவங்க பேரு இருக்கு. கட்டுனவங்க பேர எங்கயாச்சும் போட்ருக்காங்களா?" என்று கேட்டான். அவன் தந்தை சாரம் கட்டுபவர். எண்ணூர்ப் பக்கம் நிற்கும் உயர்ந்த புகைபோக்கி ஒன்றுக்குச் சாரம் கட்டியதில் அவருக்கும் பங்குண்டாம். "அங்க கல்லுல இருக்கிறது தொறந்து வச்சவர் பேருதான் ஐயா" என்றான். வகுப்பு அமைதியாயிற்று.

இக்கேள்வியை ரோமாபுரியிடமும் கேட்கலாம். கி.பி. 98 முதல் 117 வரை ஆண்ட டிராஜன், ராஜேந்திரனைப் போலவே தன் நாட்டின் எல்லையை மிக விரித்தவன். டேசியப் போர்களில் பெற்ற வெற்றியின் நினைவாக 113-இல் நிறுவப்பட்ட அவனது தூண் இன்றும் நிற்கிறது. ஏறத்தாழ முப்பது மீட்டர் உயரம்; அடி முதல் முடி வரை சுற்றிச் செல்லும் போர்க் காட்சிகள். பீடத்துக் கல்வெட்டில் செனட் சபையும் ரோமானிய மக்களும் உண்டு. பேரரசனின் பட்டங்கள் உண்டு. அமைத்த கலைஞனின் பெயர் இல்லை. தூண் நிற்கும் பெருந்திடலை அமைத்தவன் டமாஸ்கஸ் நகரத்து அப்பலோடோரஸ் என்பதை, ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய டியோ என்னும் வரலாற்றாசிரியர் வழியாகவே அறிகிறோம். ராஜேந்திரனுக்கும் ஒரு வெற்றித்தூண் உண்டு. சோழகங்கம் ஏரியை நீராலான வெற்றித்தூண் என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கிறது. அதை வெட்டிய கைகள் எவருடையவை?

மாணவனுக்கான விடை தொலைவில் இல்லை. அவன் நாள்தோறும் கடந்து செல்லும் திருவொற்றியூரிலேயே இருந்தது. சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர் என்று சைவர்கள் போற்றும் ஆதிபுரீசுவரர் கோயிலின் கருவறை விமானம் ராஜேந்திரன் காலத்துக் கற்றளி. பின்புறம் வளைந்த தூங்கானை வடிவம். மன்னனுக்காக, சதுரானன பண்டிதரின் வேண்டுகோளின்படி, கருங்கல்லால் இதை எடுத்தவன் 'ரவி என்கிற வீரசோழத் தச்சன்' என்று அக்கோயிலின் கல்வெட்டு கூறுகிறது. அரசன், குரு, தச்சன் மூவரும் ஒரே கல்லில்!

இந்தச் சதுரானன பண்டிதர் யார் என்று தேடினால் கதை இன்னும் ஆழத்துக்குப் போகிறது. அது திருவொற்றியூர் மடத்துத் தலைவர்களின் வழிவழிப் பெயர். அப்பெயரை முதலில் ஏற்றவர் கேரளத்தில் பிறந்த வல்லபன் என்ற வீரர். முதற் பராந்தகனின் மகன் ராஜாதித்தனுக்கு நெருக்கமானவர். 949-இல் தக்கோலப் போரில் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். தலைவனோடு சாக வாய்க்காத நாணத்தில் வல்லபன் உலகைத் துறந்தார். திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்றுச் சதுரானனர் ஆனார். இதைச் சொல்லும் வடமொழிக் கல்வெட்டு யாருடைய ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது தெரியுமா? தக்கோலத்தில் வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டில்!

ஆக, கங்கையும் கடாரமும் கொண்ட பேரரசனின் பெயர் இவ்வூரில் பதிந்தது, சோழர்களின் மிகப்பெரிய தோல்வியில் எஞ்சிய ஒருவரின் மடத்தின் வழியாக. மெய்க்கீர்த்திகள் சொல்லாத பகுதி இது. வெற்றியை மட்டும் படிப்பவருக்கு ராஜேந்திரன் பாதிதான் கிடைப்பான்.

இதைக் கொண்டு சோழர் காலத்தைப் பொற்காலமாக்கிவிட நான் விரும்பவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலிலும் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயர் உண்டு. 'ராஜராஜப் பெருந்தச்சன்' என்ற பட்டத்தோடு. ரவிக்கும் 'வீரசோழன்' என்ற பட்டம். தச்சனின் பெயரோடும் அரசனின் பெருமை ஒட்டிக்கொண்டே வருகிறது. மலையிலிருந்து கல்லை இழுத்தவர்கள், உளிக்கு முனை தட்டிய கொல்லர்கள், சாரம் கட்டியவர்கள் யாருக்கும் அந்தக் கல்லில் இடமில்லை. தலைமைத் தச்சனோடு வாசல் அடைபட்டுவிடுகிறது. எனினும் அவ்வளவாவது திறந்திருந்ததே என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வகுப்பில் இவற்றைச் சொன்னபோது அம்மாணவன் குறிப்பேட்டில் 'ரவி' என்று மட்டும் எழுதிக்கொண்டான், பட்டத்தை விட்டுவிட்டான். ஆட்சியாண்டுகளை அவன் மறந்துவிடக்கூடும். அதில் எனக்கு வருத்தமில்லை.

மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் நடந்து செல்லும் தொலைவுதான். வாய்ப்புள்ள நண்பர்கள் ஒருமுறை சென்று அந்த விமானத்தைப் பின்புறமிருந்து பாருங்கள். யானை மேல் துஞ்சிய இளவரசன், அவனோடு சாகாத வீரர், உறங்கும் யானையின் வடிவில் கல்லடுக்கிய தச்சன் என்று மூவரும் நினைவுக்கு வரக்கூடும். இது என் கற்பனையின் இணைப்புத்தான். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பேரரசன் அந்த வரிசையில் நான்காவதாக நிற்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.