கடதாசிக்கு உன்னைத் தெரியாது

ட்ருகனினாவில் எங்கள் நண்பர் கூட்டம் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு கராஜில் கூடும். மடக்கு மேசை, கொத்து ரொட்டி, போக்கர். ஐந்து வருடங்களுக்கு முன் அந்த மேசையில் ஒரே இரவில் 1,600 டொலரைத் தோற்றேன். அதில் பெரும்பகுதி அப்பாவின் பல் வைத்தியத்துக்காக நான் எடுத்து வைத்திருந்த காசு.

நடந்தது இதுதான். 200 டொலருடன் உட்கார்ந்தேன். பத்து மணிக்குள் அது 450 ஆகியிருந்தது. அப்போது என் கைக்கு இரண்டு ஏஸ் வந்தன. போக்கரில் தொடக்கத்தில் அதைவிட நல்ல கை கிடையாது. எதிரே இருந்த நண்பனிடம் இரண்டு கிங். இருவருமே முழுவதையும் முன்னே தள்ளினோம். ஐந்தாவது கடதாசியாக ஒரு கிங் விழுந்தது. என் 450-உம் போய்விட்டது.

கணக்குப்படி இரண்டு ஏஸ், இரண்டு கிங்கை நூற்றுக்கு ஏறக்குறைய 82 முறை வெல்லும். அன்று எனக்கு விழுந்தது மிச்சம் 18-இல் ஒன்று. பொறியியலில் முதுகலை படித்தவன் நான், நிகழ்தகவு எனக்குத் தெரியாததல்ல. ஆனால் காதுகள் சூடாகிவிட்டன. மூளை ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது: "இது என்னுடைய காசு, திரும்ப எடுக்க வேணும்."

மறுபடி 200 போட்டேன். அது போக 400. அதுவும் போக 800. வழக்கமாக மடித்துப் போடும் கைகளை எல்லாம் விளையாடினேன். நண்பர்கள் "போதும் மச்சான்" என்றார்கள். அதுகூட அவமானமாகப் பட்டது.

இந்த நிலைக்குப் போக்கர் ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டில்ட்'. பழைய பின்பால் இயந்திரத்தைக் கோபத்தில் சாய்த்தால் 'டில்ட்' என்று விளக்கு எரிந்து ஆட்டம் நின்றுவிடும். மனிதருக்கு அந்த விளக்கு இல்லை. சாய்ந்த பிறகும் ஆட்டம் தொடர்கிறது.

ஏன் சாய்கிறோம்? 1979-இல் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. 100 டொலர் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட 100 டொலர் போகும் வலி பெரியது. பின்னர் அவர்கள் செய்த கணக்கில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் நட்டத்தில் இருப்பவர் நட்டத்தை அழிக்க எந்த ஆபத்தையும் ஏற்கத் துணிகிறார்.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்தில் 304 விளையாடி வளர்ந்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்த ஒரு ஆட்டத்திலையோ எல்லாம் போச்சு?"

"இல்லை அப்பா. அதிலை 450."

"அப்ப மிச்சத்தை ஆர் கொண்டுபோனது?"

பதில் சொல்ல முடியவில்லை. என் கையிலிருந்து போட்டது 1,600. அந்தக் கிங் கொண்டுபோனதில் என் சொந்தக் காசு 200 மட்டுமே. 1,400-ஐக் கொண்டுபோனது நான்.

"304-இல நாலு கடதாசியைப் பார்த்துத்தான் கேக்கிறம். மற்ற நாலும் எப்பிடி வருமெண்டு ஆருக்குத் தெரியும்? கேட்டது சரியெண்டால் தோத்தாலும் சரிதான். கோவத்திலை அடுத்த கையைக் கூட்டிக் கேட்டாத்தான் பிழை. கடதாசிக்கு உன்னைத் தெரியாது தம்பி."

அவருடைய பல் வைத்தியம் மூன்று மாதம் தள்ளிப்போனது. அதுவரை ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

2005-இல் நம் மெல்பேர்னைச் சேர்ந்த ஜோ ஹாஷெம் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். பரிசு 75 லட்சம் அமெரிக்க டொலர். கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தவை 7-உம் 3-உம். பார்த்தால் குப்பைக் கை, ஆனால் மேசையில் 4, 5, 6 விழுந்தன. அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்தப் போட்டியில் 5,619 பேர் விளையாடினார்கள். மற்ற 5,618 பேரும் தங்கள் சில்லுகள் அனைத்தையும் இழந்துதான் எழுந்தார்கள். தோற்பது இந்த விளையாட்டின் விபத்து அல்ல, அதன் பெரும்பகுதியே அதுதான்.

இப்போதும் விளையாடுகிறேன், சில விதிகளோடு. சட்டைப்பையில் 50 டொலர் மட்டும், வங்கி அட்டை வீட்டில். பெரிய கை ஒன்றைத் தோற்றால் எழுந்து தெருமுனைவரை நடந்துவிட்டு வருவேன். வென்றாலும் அப்படியே, ஏனென்றால் வெற்றியும் மனிதரைச் சாய்க்கும். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு வென்றேன் என்று எழுதுவதில்லை. எந்த முடிவைக் கோபத்தில் எடுத்தேன் என்று எழுதுகிறேன்.

இது வேலையிலும் கைகொடுத்தது. நள்ளிரவில் ஒரு மென்பொருள் வெளியீடு உடைந்தால், அவசரத்தில் அதன்மேல் இன்னொரு மாற்றத்தைப் போடத்தான் கை துடிக்கும். முதலில் பழைய நிலைக்குத் திரும்புகிறேன். பிறகுதான் யோசிக்கிறேன்.

கிளப்புகளில் இருக்கும் 'போக்கி' இயந்திரங்களை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றில் எந்தத் திறமைக்கும் இடமில்லை. நீண்ட ஓட்டத்தில் இயந்திரம் வெல்லும்படியே கணக்குப் போடப்பட்டிருக்கிறது. பதினெட்டு வயதாகாதவர்களுக்கு இங்கே இரண்டுமே சட்டப்படி கிடையாது. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ நிறுத்த முடியவில்லை என்றால் 1800 858 858 என்ற எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். அதற்கு முன்போ பின்போ, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த இரவில் மிகக் கடினமாக இருந்தது தோற்றது அல்ல, அப்பாவிடம் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் அந்த ஆட்டம் முடிந்தது.