பந்தில்லாத ஓட்டம்

வியாசர்பாடியில் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். பத்துத் தப்படிச் சதுரம். நாலு பேர் ஓரத்தில், ஒருத்தன் நடுவில். அவன் காலை நீட்டுறதுக்குள்ள பந்து கால்மாறிடணும். "குடுத்துட்டு நிக்காதடா, கண்ணுல படுற எடத்துக்கு ஓடு."

90 நிமிட ஆட்டத்தில் ஒருவன் காலில் பந்து இருப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். மீதியெல்லாம் பந்தில்லாத ஓட்டம். 1970 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெலே வலப்பக்கம் வெற்றிடத்தில் பந்தை உருட்டிவிட்டார். பின்னாலிருந்து ஓடிவந்த கார்லோஸ் ஆல்பர்ட்டோ அடித்தார் கோல். இத்தாலியை பிரேசில் 4-1 என்று வென்றது. ஆள் வருவான் என்று இவருக்குத் தெரியும், பந்து வரும் என்று அவருக்கும் தெரியும்.

எங்க பையன் ஒருத்தன் வெளியே ஒரு டீமுக்குப் போனான். ஒரே மாசம். வேகம் பத்தாது என்று அனுப்பிவிட்டார்கள். வேகமா, அவனுக்கா? வந்தவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். கேட்டேன். "ஓடினேதான்ணா இருந்தேன். எந்த ஏரியான்னு கேட்டதிலருந்து ஒருத்தனும் பால் போடல." ஏரியாவைக் கேட்டால் சாதியைக் கேட்டதுதானே நம்மூரில்.

மறுபடியும் சதுரத்தில் விட்டிருக்கிறேன். ஒரே டச். யாருக்குப் போடுறோம்னு முகம் பார்க்க அதுல நேரமில்ல. ரெண்டு வாரமாச்சு. பாதி தூரம் ஓடுறான், பந்து வருதான்னு நின்னு பார்க்கிறான்.