ஏரிக்கரையில் மூன்று நாட்கள்

இரயில்வேயில் ஊழியம் செய்வோர் பிரயாணம் என்றதும் பாஸைத்தான் முதலில் நினைப்பர். நாங்களும் அவ்வினத்தவரே. எனினும் சென்ற தீபாவளி விடுமுறையில், மேவார் நாட்டு ஏரிகளைக் கண்டுவர, அஜ்மீரிலிருந்து சாலை வழியாகவே புறப்பட்டோம். "பாஸ் இருக்கப் பணம் கொடுத்து வண்டி பிடிப்பவர்களை இன்றுதான் கண்டேன்" என்று அலுவலக நண்பர் ஒருவர் நகைத்தார்.

ஏரிக்கரையிலேயே சமைத்து உண்டு உறங்கவேண்டும் என்பது குழந்தைகளின் ஆசை. அதற்கென ஒரு வேனை வாடகைக்கு அமர்த்தினோம். பின்புற ஆசனங்களை நீக்கி மெத்தை விரித்து, தண்ணீர்க் குடம், அடுப்பு, அரிசிப் பை, ஊறுகாய் ஜாடி ஆகியவற்றை ஏற்றியதும் அது ஒரு சிறு வீடாகவே ஆயிற்று. எங்கள் அன்னையாரின் தகரப் பெட்டியும் அதில் ஏறிற்று.

அப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கற்பட்டுப் பக்கத்தில், ஏரிப் பாசனத்தில், எங்களுக்குச் சிறு வயல் ஒன்று உண்டு. சில ஆண்டுகளாக அவ்வேரி சரிவர நிரம்பவில்லை. வயலை விற்று அஜ்மீரில் மனை வாங்கலாம் என்பது எங்கள் எண்ணம். அன்னையார் கையெழுத்திட வேண்டிய பத்திரம் ஆறு மாதமாக அப்பெட்டியிலேயே கிடந்தது. பிரயாணத்தில் மனம் இளகிக் கையெழுத்திடுவார் என்ற உள்நோக்கமும் எங்களுக்கு இருந்தது. அதனை வாசகர்களிடம் மறைப்பானேன்?

பியாவர், பீம் வழியாக ஆரவல்லிக் குன்றுகளை ஒட்டிச் சென்று, பிற்பகலில் காங்க்ரோலி என்னும் ஊரை அடைந்தோம். அங்கேதான் ராஜசமந்த் ஏரி விரிந்து கிடக்கிறது. கரையை அடுத்துத் துவாரகாதீசர் ஆலயம் நிற்கிறது. மாலை வெயிலில் நீர் பொன்னாய் மின்னிற்று.

இவ்வேரி இயற்கையாய் அமைந்ததன்று. 17-ஆம் நூற்றாண்டில் மேவாரைப் பஞ்சம் வாட்டியபோது, மக்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்கும் பொருட்டு, மகாராணா ராஜசிங்கர் கோமதி ஆற்றின் குறுக்கே அணை எழுப்பத் தொடங்கினார். 1662-இல் தொடங்கிய பணி 1676-இல் நிறைவுற்றது. அணையின் ஒரு பகுதியே நௌசௌக்கி என்னும் பளிங்குப் படித்துறை. ஒன்பது என்னும் எண்ணே அதன் பெயரிலும் அமைப்பிலும் விளங்குகிறது. குழந்தைகள் ஒன்பது ஒன்பதாகப் படிகளை எண்ணி இறங்கினர். மண்டபத் தூண்களிலும் விதானங்களிலும் மனிதரும் தேவரும் பறவைகளும் கொடிகளும் நெருங்கச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அங்கே எங்களை நெடுநேரம் நிறுத்தியவை கல்வெட்டுகளே. படித்துறை மாடங்களில் 25 கற்பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. ராஜப்பிரசஸ்தி என்னும் வடமொழிக் காவியம், ஆயிரத்திற்கும் மேற்பட்ட செய்யுட்களில், அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மேவார் மன்னர்களின் வரலாற்றோடு ஏரி வெட்டிய கதையையும் அது கூறுகிறது. இதனை இயற்றியவர் ரண்சோட பட்டர். அவர் தைலங்க மரபினர். அதாவது தெலுங்கு நாட்டிலிருந்து வடக்கே குடிபெயர்ந்தோர் வழிவந்தவர். தெற்கிலிருந்து வந்தோரின் மரபில் பிறந்தவர் இந்நாட்டு ஏரியின் சரித்திரத்தை எழுதினார் என்பதில், நம்மைப் போன்று ஊர்விட்டு வந்தவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டல்லவா?

இரவு கரையிலிருந்து சற்று விலகி வேனை நிறுத்திச் சோறாக்கினோம். ரசத்தின் மணம் கண்டு அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் வந்து அமர்ந்தார். 1930-களின் பிற்பகுதியில் இவ்வேரியில் நீர்விமானங்கள் வந்து இறங்கியதை அவர் தம் தந்தையார் வாயிலாகக் கேட்டிருந்தார். பின்னர் 2000-ஆம் ஆண்டு வறட்சியைப் பற்றிச் சொன்னார். ஏரி முற்றிலும் வறண்டுவிட்டதாம். பளிங்குச் சுரங்கங்களின் கழிவு, ஆறு வரும் வழியை அடைத்திருந்தது. ஊரார் கூடி அவ்வழியைத் தூர்வாரினர். பின்னர் நீர் வந்தது. 2017-இல் ஏரி நிரம்பி வழிந்தது.

நாங்கள் இந்தியிலிருந்து தமிழாக்கிச் சொல்ல, அன்னையார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வறண்டபோது கரையில் இருந்தவர்கள் நிலத்தை விற்றார்களா என்று கேள், தம்பி" என்றார்.

கேட்டோம். "சிலர் விற்றார்கள், விற்றவர்கள் இப்போது கூலிக்குப் போகிறார்கள்" என்றார் பெரியவர்.

அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலையில் படித்துறையில் இறங்கி, நீரை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டார். மேலே வந்ததும், "வயலைக் குத்தகைக்கு விடு. விற்கவேண்டா. ஏரி தூர்வார ஊரார் பணம் கேட்டால் நம் பங்கையும் அனுப்பு" என்றார். எங்கள் திட்டம் அவ்வளவில் முடிந்தது. சிறிது ஏமாற்றமே, ஆயினும் மறுத்துரைக்க நா எழவில்லை.

மறுநாள் நாதத்வாரத்தில் ஸ்ரீநாதரைத் தரிசித்து உதயபுரம் சென்றோம். பிச்சோலா ஏரியின் நடுவே ஜகமந்திர் மாளிகையைப் படகில் சென்று கண்டோம். தந்தை ஜஹாங்கீரை எதிர்த்த இளவரசர் குர்ரம் தஞ்சம் புகுந்த இடம் அது. அவரே ஷாஜஹானாகி, 1637-இல் எங்கள் அஜ்மீரின் ஆனாசாகரக் கரையில் பளிங்கு மண்டபங்களை எழுப்பினார். ஏரிக்கரையின் அருமையை அகதியாய் இருந்தபோதே அறிந்தார் போலும்!

இப்பக்கம் வரும் அன்பர்கள் மழைக்காலம் முடிந்தவுடன் வருவது நலம். அப்போதுதான் ஏரிகளில் நீர் நிறைந்திருக்கும். உதயபுரத்தோடு திரும்பிவிடாமல் ராஜசமந்தில் ஓர் இரவேனும் தங்குக.

மனை வாங்கும் எண்ணத்தை ஒத்திவைத்திருக்கிறோம். பத்திரம் இன்னும் அதே தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. ஊரில் சென்ற மாதம் நல்ல மழை என்று கடிதம் வந்திருக்கிறது.